துருவலுக்குப் பொறந்ததா கேரட்டு?

ஏண்டா ராசா, ஈரான் நாட்டுக் கேரட் சோறு ஆக்கிப் போட்டு ஸ்ரீரங்கத்து மாமியார் வீட்டுப் பாட்டியம்மாவை மடக்கப் போறியாமே? போ, போ. உரலுக்குள்ள தலையை விட்டாச்சு, இனிமே உலக்கைக்குப் பயந்து என்ன ஆகப்போகுது. உத்தர வீதியில பொண்ணு கட்டினப்பவே தலையை விட்டவன் நீ.

பெரியப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேப்போம்னு தோணுச்சு பாரு, அது நம்ம வம்சத்துப் புத்தி. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லுக்கு எதிர்த்தாப்புல திண்ணையில சாஞ்சு கெடக்கற கெழவனுக்கு ஈரான் சமையல் என்ன தெரியும்னு உன் கூட்டாளி கேட்டானாமே. அவன்கிட்டச் சொல்லு: துபாயில தேராப் பக்கம் கழிமுகத்து ஓரமா ஈரான்லேருந்து சரக்கு ஏத்திக்கிட்டு மரக்கலம் வந்து நிக்கும். அங்க ஒரு ஈரானிச் சாப்பாட்டுக் கடையில அண்டா தேய்க்கப் போயி, காய் நறுக்கற பலகைக்கு ஒசந்தவன் உங்க பெரியப்பன். சமையல் சூட்சுமம் பூராவும் காய் நறுக்கறவன் கையிலதான் கெடக்கு. கல்லாவுல உக்காந்தவனுக்கு வெலைதான் தெரியும்.

சரி, யோசனைக்கு வருவோம். மொத வேலையா கேரட்டைத் துருவிடு. தயவுதாட்சண்யம் பார்க்காம துருவு. துருவினாத்தான் சட்டியில விழுந்ததும் தண்ணி விட்டு, சக்கரையோட சேர்ந்து கூழாகி, சோத்தோட அப்பிக்கிட்டு, பொங்கலும் இல்லாம புலாவும் இல்லாம ஒரு பதார்த்தம் கெடைக்கும். பாட்டியம்மா ஒரு வாய் வெச்சுப் பார்த்துட்டு, "மாப்பிள்ளை, பேஷ். பசுவுக்கு வெச்சாச்சோ?"ன்னு கேப்பாங்க. நீயும் சிரிச்சிக்கிட்டே கையலம்பப் போயிடலாம்.

அது வேண்டாம்னா கத்தியை எடு. நம்ம ஊர்ல கேரட்டுக்கு எழுதி வெச்ச தலையெழுத்து ரெண்டே ரெண்டு. ஒண்ணு, பீன்ஸுக்குத் தொணையாப் போயி பொரியல்ல சாகறது. இன்னொண்ணு, கல்யாணப் பந்தியில கோசுமல்லின்னு பேர் வெச்சு எலை ஓரத்துல ஒரு கரண்டி ஒதுங்கறது. மிஞ்சிப் போனா சின்னப் பிள்ளைங்க பொறந்த நாளுக்குக் கேரட் அல்வா. அதுலயும் பாலும் நெய்யும் முந்திரியும்தான் ருசிக்கும், கேரட் நெறம் குடுத்துட்டு நிக்கும். ஈரான்காரன் அப்படி இல்ல. அவன் கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டி, பலகை பலகையாச் சீவி, அந்தப் பலகைகளை அடுக்கி வெச்சு நெருப்புக்குச்சி கனத்துக்கு நறுக்குவான். நடுவுல வெளுத்த தண்டு தடிப்பா இருந்தா அதை வீசிடுவான். காந்தி மார்க்கெட்டுல ஊட்டி கேரட்டைப் பார்த்து வாங்கு. ரொம்பப் பெருசா இருக்கறதுக்கு உள்ள தண்டு முத்தியிருக்கும். நடுத்தரமா, வளைச்சா பட்டுன்னு ஒடியறதா எடு. வியாபாரி முறைப்பான். முறைக்கட்டும்.

நறுக்கினதை நெய்யில போட்டு இளந்தீயில வதக்கணும். எங்க கடை உஸ்தாது ஒரு கேரட் குச்சியை எடுத்து ரெண்டு முனையையும் பிடிச்சு வளைப்பார். படக்குன்னு ஒடிஞ்சா இன்னும் வதங்கணும். துணியாத் தொங்கினா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுவார், அதை இங்க சொல்ல முடியாது. வில்லு மாதிரி வளைஞ்சு நின்னுச்சுன்னா அப்போதான் சக்கரை, ஏலக்காய், ஒரு கரண்டி குங்குமப்பூத் தண்ணி. அங்கேயும் துருவறவங்க இருக்காங்கடா. அவசரக்காரன் எந்த ஊர்ல இல்ல? ஆனா கேரட் முரப்பா, அதான் ஜாம், கிண்டறப்போ துருவறது வேற, சோத்துல சேர்க்கறப்போ துருவறது வேற. முரப்பா கரையணும். சோத்துல கேரட் தனியாத் தெரியணும்.

இப்போ உன் பாட்டியம்மா விஷயத்துக்கு வர்றேன். அடுப்படி வாசல்ல கேரட்டோட உன்னைப் பார்த்ததும் அவங்க சொல்லப் போறதை நான் இப்பவே சொல்றேன்: "இது சீமைக்காயாச்சே." நெஜந்தான். ரங்கநாதர் கோயில் மடப்பள்ளிக்குள்ள கேரட், கோஸ், உருளைக்கிழங்கு எதுவும் நுழையாது. திவசத் தளிகையிலயும் கேரட்டுக்கு எடம் கெடையாது. வாழைக்காய், பாகக்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, இவங்கதான் அன்னைக்கு ராசா. அதனால நாள் பார்த்துப் போ. ஏகாதசி, அமாவாசை, திவசம் இந்த மூணுலயும் கேரட்டைத் தூக்கிட்டுப் போனா, சமையக்கட்டுக்கு வெளியில நீயும் கேரட்டும் ஒண்ணா நிக்க வேண்டியதுதான்.

மத்த நாள்ல அவங்க சீமைக்காய்னு ஆரம்பிச்சா, பணிவா ஒரு விஷயம் எடுத்துவிடு. கேரட்டை சீமைக்காரன் வளர்த்தான், ஒத்துக்கறோம். நீலகிரியில அதெல்லாம் பயிரேறினது சல்லிவன் துரை 1820-கள்ல ஊட்டிக்குப் போயி வீடு கட்டி, சீமை விதையெல்லாம் தூவின பின்னாடிதான். ஆனா அந்தச் செடிக்குப் பூர்வீகம் இங்கிலாந்து இல்ல. ஆப்கானிஸ்தானும் ஈரானும் சேர்ற பக்கத்துலதான் ஆயிரம் வருசத்துக்கு முந்தி அதை வீட்டுக் காயாப் பழக்கினாங்க. அப்போ கேரட் ஆரஞ்சு நெறமே கெடையாது. ஊதாவும் மஞ்சளும்தான். ஆரஞ்சு நெறத்தை எடுத்து வளர்த்துவிட்டவன் ஹாலந்துக்காரன், அதுவும் பல நூறு வருசம் கழிச்சு. அந்தப் பழைய மஞ்சக் கேரட் ஈரான்ல இன்னிக்கும் இருக்கு, ஜர்தக்னு சொல்லுவான். ஆகக்கூடி வெள்ளைக்காரன் கேரட்டுக்கு வளர்ப்புத் தகப்பன். பெத்தவன் பாரசீகக்காரன்.

பாரசீகம்னா நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்னு பாட்டியம்மா கேப்பாங்க. கேக்கட்டும், அதுக்குத்தான் காத்திருக்கோம். 1751-லயும் 52-லயும் திருச்சிக் கோட்டைக்குள்ள முகம்மது அலி நவாபு, வெளியில சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரனும். கடைசியில பிரெஞ்சுத் தளபதி லா தன் பட்டாளத்தைக் கூட்டிக்கிட்டு எங்க போயி ஒளிஞ்சான்? பாட்டியம்மா வீடு இருக்கற அதே ஸ்ரீரங்கத் தீவுக்குள்ள. 1752 ஜூன்ல அங்கேயே சரணடைஞ்சான். அவன் அங்க என்ன தின்னாங்கறது அவன் வயித்துக்குத்தான் வெளிச்சம். ஆனா ஜெயிச்ச நவாபோட தர்பாருல ஓடின பாஷை பாரசீகம். அவர் கதையை புர்ஹான் இப்னு ஹசன்னு ஒருத்தர் பாரசீகத்துலயே எழுதி வெச்சார், துசக்-ஏ-வாலாஜாஹின்னு பேர். நவாபு 1795-ல மதராஸ்ல காலமானாலும் அடக்கம் நம்ம நத்தர்ஷா பள்ளிவாசல்லதான். ஊட்டியில கேரட் மொளைக்கறதுக்கு முன்னாடியே காவிரிக்கரையில பாரசீகம் பேசி, பாரசீகத்துல கணக்கெழுதினவங்க இருந்தாங்க. வந்தவங்க பேச்சை மட்டும் கொண்டாந்து, நாக்கை வீட்டுல வெச்சுட்டா வருவாங்க?

இதையெல்லாம் ஒரே மூச்சுல சொல்லாதே. பாட்டியம்மா பஞ்சாங்கத்தைத் தேட ஆரம்பிச்சுடுவாங்க. கொஞ்சம் கொஞ்சமா, காப்பி குடிக்கறப்போ சொல்லு.

அப்புறம் அரிசி. இங்கதான் நீ வசமா மாட்டப்போறே. உங்க வீட்டுல சோறு எப்படி ஆகுது? குக்கர்ல. மூணு விசில். அந்த மூணு விசிலை நம்பி ஈரான் சோறு ஆக்கினே, கேரட் பொங்கல் கெடைக்கும், பெருமாளுக்குக்கூட வேண்டாம்பார். ஈரான்காரன் செய்யறது வடிச்ச சோறுடா. உங்க அப்பத்தா செஞ்சாளே, அதே வேலை. அரிசியை உப்புத் தண்ணியில சில மணி நேரம் ஊறப் போட்டு, கொதிக்கற உலைத்தண்ணியில கொட்டி, ஆறு ஏழு நிமிசத்துல ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பான். ரெண்டு ஓரமும் மெத்துன்னு, நடுவுல மட்டும் ஒரு முள்ளு இருக்கணும். உடனே வடிச்சுடணும். கைபேசியை எடுத்தே, முள்ளு போயிடும், சோறும் போயிடும்.

நம்ம மண்ணச்சநல்லூர் பொன்னியிலேயே பண்ணலாமான்னு கேப்பே. உங்க பெரியப்பன் வாயாலேயே இதைச் சொல்ல வெக்கறியே. வேண்டாம்டா. பொன்னி சாம்பாருக்குப் பொறந்தது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாத்தான் அதுக்கு மரியாதை. பழைய பாசுமதி வாங்கிக்க. மில்லுக்காரர் காதுல விழாம பேசு.

வடிச்ச அரிசியை என்ன பண்றே? கனமான பாத்திரத்துல நெய்யும் குங்குமப்பூத் தண்ணியும் ஊத்தி, கீழ ஒரு அடுக்கு வெறும் அரிசி. அதுக்கு மேல கேரட் ஒரு அடுக்கு, அரிசி ஒரு அடுக்குன்னு கோபுரமாக் குவி. கரண்டிக்காம்பால நாலஞ்சு எடத்துல அடிவரைக்கும் ஓட்டை போடு, ஆவி ஏறணும். மூடிக்கு ஒரு வெள்ளைத்துணியைச் சுத்திக் கட்டு. ஆவி தண்ணியாகி சோத்துமேல சொட்டாம துணி குடிச்சுக்கும். மொதல்ல கொஞ்சம் தீ. அப்புறம் குறைச்சுட்டு முக்கா மணி நேரம். நடுவுல தொறந்து பார்க்காதே. பார்த்தா என்ன ஆகும்னு கேக்கறியா? ஒண்ணும் ஆகாது, வெந்தது வேகாதது ரெண்டும் கலந்து வரும், அவ்வளவுதான். கிண்டவும் கூடாது. நம்ம கைக்கு அரிப்பு, கரண்டியைப் பார்த்தா கிண்டணும்.

அடியில செவந்து பிடிச்சிருக்கறதைப் பார்த்து அலறாதே. நம்ம வீட்டுல அதைக் காந்தல்னு மருமவளைத் திட்டுவோம். அங்க அதுக்கு தஹ்தீக்னு பேர், விருந்தாளிக்கு மொத மரியாதையே அதுதான். எங்க கடையில ஒரு துண்டு தஹ்தீக்குக்கு ரெண்டு மேஜைக்காரங்க மொறைச்சுக்கிட்டதைப் பார்த்திருக்கேன். பாட்டியம்மாவுக்கு அதை மொதல்ல வைக்காதே. பல் இருக்கற ஆளுக்கு வை.

இப்போ சூட்சுமம். கேரட்டு இனிப்பு. அதுமேல நீ சக்கரை போட்டே. இனிப்பும் இனிப்பும் சேர்ந்தா நாலாவது வாய்க்குத் திகட்டும். அதுக்கு ஈரான்காரன் ரெண்டு ஆளைக் காவலுக்கு நிறுத்துவான், ஒரு கசப்பு, ஒரு புளிப்பு. கசப்புக்கு ஆரஞ்சுத் தோல். உள்ளே இருக்கற வெள்ளையைச் சுத்தமா வழிச்சுட்டு, தோலை நூல் நூலா நறுக்கி, தண்ணி மாத்தி மாத்தி ரெண்டு மூணு தரம் கொதிக்க வெச்சுக் கொட்டணும். அப்புறந்தான் சக்கரைப் பாகுல கேரட்டோட சேரும். கொதிக்க வைக்காம போட்டேன்னா பாட்டியம்மாவுக்கு நெலவேம்புக் கஷாயம் ஞாபகம் வரும். கசப்பு பூராவும் போயிடவும் கூடாது. தொண்டையில ஒரு கிள்ளு நிக்கணும். புளிப்புக்கு ஜெரெஷ்க்னு ஒரு செவப்பு மணி, உலர்ந்த பழம். கழுவி, நெய்யில ஒரே பெரட்டு, கொஞ்சம் சக்கரை, உடனே எறக்கிடணும், கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள கருகிடும். திருச்சியில அது கெடைக்கலையா? நம்ம பக்கத்துக் கல்லுக்காட்டுல களாப்பழம் காய்க்குமே, கொட்டை எடுத்து நறுக்கி நெய்யில பெரட்டு. உஸ்தாது பார்த்தா கரண்டியாலேயே அடிப்பார். அவர் பார்க்கப் போறதில்ல.

மேல பாதாமும் பிஸ்தாவும் குச்சி குச்சியா. பணக்கார வீட்டுக் கல்யாணத்துல இத்தனையும் சேர்த்துத் தட்டுல கொட்டறப்போ, ஒவ்வொண்ணும் ஒரு ரத்தினமாம். ஜவாஹெர் பொலோன்னு பேர். ஜெரெஷ்க் இல்லாம கேரட்டும் ஆரஞ்சுத் தோலும் மட்டும்னா ஷிரீன் பொலோ. கேரட்டும் கறி உருண்டையும் பட்டையும் போட்டு வீட்டுல சாதாரணமா ஆக்கறது ஹவீஜ் பொலோ. உனக்கு வேண்டியது ஷிரீன் பொலோ, திகட்டும்னு பயந்தா ஜெரெஷ்க்கோ களாப்பழமோ மேல தூவிக்க. ஏன்னு கேளு. வெங்காயம் கெடையாது. பூண்டு கெடையாது. ஈரான்ல கோழியைக் கூட வைப்பாங்க. நீ அதை விட்டுட்டா, கேரட்டும் ஆரஞ்சுத் தோலும் போக மிச்சம் என்ன? அரிசி, நெய், சக்கரை, ஏலக்காய், குங்குமப்பூ, பாதாம். இதுல பாட்டியம்மா தள்ளறதுக்கு ஒண்ணைக் காட்டு பார்ப்போம். ராத்திரி அரவணைப் பிரசாதத்துக்கு வரிசையில நிக்கற ஊருக்கு இனிப்புச் சோறு புதுசா என்ன? ஒரே வித்தியாசம், அரவணை கொழையணும், இது உதிரணும்.

குங்குமப்பூவை அள்ளிப் போட்டு மாமனாருக்கு உன் சம்பளத்தைக் காட்டாதே. ஒரு சிட்டிகையை ஒரு துளி சக்கரையோட குட்டி உரல்ல பொடிச்சு, சூடான தண்ணி ரெண்டு கரண்டி விட்டு மூடி வை. அரைமணியில அது விடற நெறம் முழு எழையா மெதக்க விட்டா வராது. மஞ்சத்தூள்ல ஏமாத்தலாம்னு நினைச்சியோ, மஞ்ச வாசனை தெரியாத மூக்கு ஸ்ரீரங்கத்துல ஒண்ணுகூடக் கெடையாது.

கேரட் முரப்பான்னு சொன்னேனே, அதுக்கும் ஒரு வழி இருக்கு. துருவின கேரட், சக்கரை, ஏலக்காய், எறக்கறப்போ பன்னீர். காலையில ரொட்டி, வெண்ணெய், அதுமேல முரப்பா, அதுதான் ஈரான் வீட்டுப் பலகாரம். ரொட்டியும் வெண்ணெயும் நம்மளவங்களுக்கு ஆகாதுன்னு பாட்டியம்மா மூக்கைச் சுளிச்சா, துலுக்க நாச்சியார் சந்நிதிப் பக்கம் கையைக் காட்டு. பெருமாள் மேல ஆசைப்பட்டு டில்லியிலேருந்து வந்த சுல்தானோட பொண்ணுன்னு ஐதீகம். அவளுக்காக ரங்கநாதரே ரொட்டி அமுது செய்யறார். பெருமாளுக்கு ஆகறது உனக்கும் எனக்கும் ஆகாதா? நான் முரப்பாவை சந்நிதிக்குள்ள எடுத்துட்டுப் போன்னு சொல்லல. அப்படிச் சொன்னேன்னு வெளியில சொல்லிடாதே.

உன் சின்ன மச்சான் ஒருத்தன் எதையும் தொடமாட்டான்னு சொன்னியே, அவனுக்கு வேற வைத்தியம். தெஹ்ரான் ஜூஸ் கடையில கேரட் சாறு பிழிஞ்சு, அதுல குங்குமப்பூ ஐஸ்கிரீமை மெதக்க விட்டுக் குடுப்பான். வெயில் காலத்துல சனம் அலைமோதும். உனக்கென்ன கஷ்டம், மெயின்கார்டு கேட்டுக்குப் போனா மைக்கேல் ஐஸ்கிரீம் இருக்கு. சாறை நீ பிழி, ஐஸ்கிரீமை அவங்க குடுப்பாங்க. கேரட்னு சொல்லாம குடு. குடிச்சு முடிச்சப்புறம் சொல்லு.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, அதை ஸ்ரீரங்கத்துல செய்ய முடியாது. கோரேஷ்-ஏ-ஹவீஜ்னு ஒரு கொழம்பு. ஆட்டுக்கறியை வெங்காயத்தோட வதக்கி, மஞ்சப்பொடி போட்டு மெதுவா வேக விடணும். கேரட்டை விரல் விரலா நறுக்கித் தனியா எண்ணெயில செவக்க வதக்கி, கறி முக்காப்பங்கு வெந்ததும் சேர்க்கணும். கடைசியில ஆலுபுகாரா, அந்த உலர்ந்த புளிப்புப் பழம். அது வெந்து ஊறினா கேரட்டோட இனிப்பும் பழத்தோட புளிப்பும் கறிச்சாறுல ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு சமாதானம் ஆகும். ஆலுபுகாராவுக்கு ஈரானுக்குப் போக வேண்டாம். பெரியகடை வீதியில நாட்டு மருந்துக் கடையில ஆல்பக்கோடான்னு கேளு, மலச்சிக்கலுக்கான்னு கேட்டுக்கிட்டே பொட்டலம் கட்டுவார். ஆமான்னு சொல்லு. கறிக்கொழம்புக்குன்னு சொல்லி நிறுத்தி வெச்சுப் பேசிக்கிட்டிருக்காதே.

அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கிட்டு, கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி ஞாயித்துக்கிழமை இங்க வந்துடு. கறி நான் வாங்கி வைக்கறேன், கேரட்டை நீ நறுக்கு. மருமவளையும் கூட்டிட்டு வா, அவ சாப்பிட மாட்டா, அவளுக்கு உங்க பெரியம்மா தனிச் சட்டியில ஷிரீன் பொலோ எறக்குவா. பாட்டியம்மாவுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு எவர்சில்வர் தூக்கு அவங்க வீட்டுலேருந்தே கொண்டா. நம்ம வீட்டுத் தூக்குல குடுத்தா கேள்வி வரும்.